பின்தொடையைக் காக்கும் நார்டிக் பயிற்சி: எவ்வளவு நம்பலாம்?

கால்பந்திலோ ஹாக்கியிலோ ஒருவர் காயம் பட்டு வெளியேறினால், எதிரணிக்காரர் காலை வாரிவிட்டிருப்பார் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அடிக்கடி வரும் காயங்களில் முன்வரிசையில் நிற்கும் ஒன்றுக்கு எதிராளியே தேவையில்லை. பந்தை விரட்டி முழு வேகத்தில் ஓடுகிறவர் சட்டென்று தொடையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். பின்தொடைத் தசையான ஹாம்ஸ்ட்ரிங் போய்விட்டது. ஐரோப்பாவின் முன்னணிக் கால்பந்து கிளப்புகளில் 2001-02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த இந்தக் காயம், 2021-22 பருவத்தில் 24 சதவீதமாகிவிட்டது. இதைத் தடுப்பதற்கென்றே உள்ள நார்டிக் பயிற்சி பேர்பெற்றதும் இதே இருபது ஆண்டுகளில்தான். அப்படியானால் அந்தப் பயிற்சி பயனற்றதா? பயன் உண்டு என்பதே என் முடிவு. ஆனால் ஓட்டக்காரரின் காலை முழுவதுமாக அதனிடம் ஒப்படைத்துவிட முடியாது.

செய்முறை எளிது. ஆட்டக்காரர் முழங்காலிட்டு நிமிர்ந்திருக்க, கூட்டாளி ஒருவர் பின்னாலிருந்து அவருடைய கணுக்கால்கள் இரண்டையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். முழங்காலிலிருந்து தலைவரை உடம்பு ஒரே கோடாக இருக்க, இடுப்பை மடக்காமல் மெல்ல முன்னால் சாய வேண்டும். விழாமல் தாங்குவது முழுக்கப் பின்தொடைத் தசையின் வேலை. ஒரு கட்டத்துக்கு மேல் தாங்க முடியாது. அப்போது கையை ஊன்றி, தரையைத் தள்ளி மறுபடி எழுந்துகொள்ளலாம். கருவி வேண்டாம், காசு வேண்டாம், ஜிம் வேண்டாம்.

இதற்கு ஆதரவான சான்றுகளில் வலுவானது டென்மார்க்கிலிருந்து 2011இல் வெளியான ஆய்வு. 50 அணிகள், 942 ஆட்டக்காரர்கள். ஒரு பாதிக்கு வழக்கமான பயிற்சி மட்டும். மறுபாதிக்கு அதோடு 10 வாரத்தில் 27 நார்டிக் அமர்வுகள். முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்தைந்தாக இரண்டு சுற்று. அங்கிருந்து படிப்படியாக ஏறி, ஐந்தாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள், 12, 10, 8 என்று மூன்று சுற்று. முடிவில், பயிற்சி செய்யாத பக்கம் 52 பின்தொடைக் காயங்கள். செய்த பக்கம் 15. ஏற்கெனவே காயம் பட்டவர்களுக்கு மறுபடி வருவது ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்தது. ஒரே ஒரு பயிற்சியால் இவ்வளவு வேறுபாடு வருவது விளையாட்டு மருத்துவத்தில் அரிது. 2015இல் நெதர்லாந்தில் அமெச்சூர் ஆட்டக்காரர்களிடையே நடந்த ஆய்வும் காயங்கள் குறைந்ததைக் காட்டியது. ஆனால், பயிற்சி செய்தும் காயம் பட்டவர்களுக்கு அதன் கடுமை குறையவில்லை.

பலன் எப்படி வருகிறது? நீண்டுகொண்டே இழுவையைத் தாங்கப் பழகும் தசையில் பலம் கூடுவதோடு நார்க்கற்றைகளும் நீளமாகின்றன. நார்க்கற்றை குட்டையாகவும் தசை பலவீனமாகவும் உள்ள ஆட்டக்காரர்களுக்கே காயம் அதிகம் வருகிறது என்று ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டக்காரர்களிடம் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பயிற்சியை நிறுத்திய சில வாரங்களுக்குள் அந்த நீளம் பழைய அளவை நோக்கித் திரும்பிவிடுகிறது. சீசன் தொடங்குமுன் ஒரு மாதம் செய்துவிட்டு மறந்துவிடும் அணிக்கு, சீசன் பாதியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்துச் செய்தாலும் தசையில் கிட்டத்தட்ட அதே மாற்றம் வருகிறது. ஆக, கொஞ்சமாகச் செய்யலாம். விடாமல் செய்ய வேண்டும்.

இனி சந்தேகங்களுக்கு வருவோம். 2019இல் 15 ஆய்வுகளை, 8,459 ஆட்டக்காரர்களின் கணக்கை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், நார்டிக் சேர்ந்த பயிற்சித் திட்டங்கள் பின்தொடைக் காயத்தைப் பாதியாகக் குறைக்கின்றன என்றார்கள். 2021இல் வேறொரு குழு அதே ஆய்வுகளை மறுபடி அலசி, முடிவு அவ்வளவு உறுதியானதல்ல என்றது. சேர்க்கப்பட்ட ஆய்வுகள் சிலவற்றில் நார்டிக் பெரியதொரு வார்ம்-அப் திட்டத்தின் ஒரு துண்டு மட்டுமே. பெருமை எந்தத் துண்டுக்குச் சேர வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? டென்மார்க் ஆய்வின் எண்கள் என்னை இன்னும் நம்பவைக்கின்றன. ஆனால் ‘பாதியாகக் குறையும்’ என்று சுவரொட்டி அடித்து ஒட்டுகிற அளவுக்கு யாருக்கும் உரிமை இல்லை.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. வேகமாக ஓடும்போது பின்தொடை எந்தக் கணத்தில் கிழிகிறது? பெரும்பாலும், முன்னால் வீசிய கால் தரையைத் தொடப்போகிற கடைசிக் கணத்தில் என்பது பலருடைய கணிப்பு. அப்போது இடுப்பு மடிந்திருக்கிறது, முழங்கால் நீண்டுகொண்டிருக்கிறது, தசை தன் முழு நீளத்துக்கு அருகில் நின்றபடி மிகக் கடுமையாக இழுக்கிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில், ஒற்றைக் காலில். நார்டிக்கிலோ இடுப்பு நேராக நிற்கிறது, இரண்டு காலும் சேர்ந்து சுமக்கின்றன, அசைவு மெதுவானது. ஓட்டத்தில் அதிகம் கிழிவது பின்தொடையின் வெளிப்புறத் தசை. நார்டிக்கில் அதைவிட உட்புறத் தசையே கூடுதலாக உழைக்கிறது. ஹாக்கி ஆட்டக்காரரின் நிலை இன்னும் ஒரு படி சிக்கலானது: மட்டையைத் தரையோடு வைத்துக் குனிந்தபடியே ஓடுகிறார். குனியக் குனியப் பின்தொடை மேலும் நீள்கிறது. முழங்காலிட்டுச் செய்யும் எந்தப் பயிற்சியாலும் அந்த நிலையைக் கற்றுத்தர முடியாது.

அதைக் கற்றுத்தரக்கூடியது முழு வேக ஓட்டமே. 2020இல் கால்பந்து ஆட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு வாரம் சோதித்தார்கள்: ஒன்றுக்கு ஸ்பிரிண்ட், ஒன்றுக்கு நார்டிக், ஒன்றுக்கு வழக்கமான கால்பந்துப் பயிற்சி மட்டும். நார்க்கற்றையின் நீளம் ஸ்பிரிண்ட் ஓடியவர்களுக்கே அதிகம் கூடியது. ஓட்ட வேகமும் கூடியது. அயர்லாந்தின் கேலிக் கால்பந்து ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பயிற்சியில் தங்கள் உச்ச வேகத்தின் 95 சதவீதத்துக்கு மேல் அவ்வப்போது தொட்டவர்களுக்குக் கால் காயம் குறைவாக இருந்தது. அறவே தொடாதவர்களுக்கும் அளவுமீறி ஓடியவர்களுக்கும் அதிகம். இன்றைய பயிற்சிகளில் சிறிய கட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்து, நான்குக்கு நான்கு என்று ஆடுவதுதான் பெரும்பகுதி. மூச்சு வாங்கும், வியர்க்கும், திறமை வளரும்; ஆனால் உச்ச வேகத்தை எட்ட அந்தக் கட்டத்தில் இடமே இல்லை. வாரம் முழுதும் காணாத வேகத்தைப் போட்டியின் எண்பதாவது நிமிடத்தில், களைத்த கால்களோடு சந்திக்கச் சொல்கிறோம். இது பயிற்சித் திட்டத்தின் பிழை. பழியோ ஆட்டக்காரரின் தசை மேல் விழுகிறது.

ஓடும் முறையைத் திருத்தினால் காயம் குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. போலந்துக்காரர் ஜெரார்டு மாக் உருவாக்கிய ஏ, பி, சி வரிசை ஓட்டப் பயிற்சிகள் தடகளத்திலிருந்து எல்லா மைதானங்களுக்கும் வந்துவிட்டன. பாதம் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழுந்தால் ஒவ்வோர் அடியும் பிரேக்காகி, பின்தொடையின் சுமையும் ஏறும். எனவே அதைத் திருத்துவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் அந்தத் துள்ளல்கள் மட்டும் காயத்தைக் குறைத்ததற்குத் திடமான சான்று இல்லை. நல்ல வார்ம்-அப்பாக அவற்றை வைத்துக்கொள்ளலாம். காப்பு என்று சொல்லக் கூடாது.

நார்டிக்கின் இன்னொரு பலவீனம், அதைச் செய்பவர்கள் குறைவு என்பது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக், நார்வே முதல்நிலை லீக் ஆகியவற்றைச் சேர்ந்த 50 அணிகளை 2015இல் வெளியான ஆய்வு ஒன்று விசாரித்தது. 150 அணி-சீசன்களில் (ஓர் அணியின் ஒரு சீசன் ஒரு கணக்கு) 16இல் மட்டுமே நார்டிக் திட்டம் முழுமையாகப் பின்பற்றப்பட்டிருந்தது. 125இல் பின்பற்றப்படவில்லை என்றே சொல்லலாம். உலகின் தலைசிறந்த மருத்துவர்களும் ஃபிசியோக்களும் பணியாற்றும் இடங்கள் அவை. காரணம் ஊகிக்கக்கூடியதே: முதல் சில நாட்கள் தொடை நன்றாக வலிக்கும், மூன்று நாளுக்கு ஒரு போட்டி என்றால் எந்த நாளில் வைப்பது? அதனால்தான் தொடக்கத்தில் சொன்ன 24 சதவீதத்தை இந்தப் பயிற்சியின் தோல்வியாக நான் எண்ணவில்லை. செய்யாத பயிற்சி எப்படித் தோற்கும்? ஆட்டத்தின் வேகமும் போட்டிகளின் நெருக்கமும் ஏறிக்கொண்டே போயிருப்பதையும் மறக்கக் கூடாது.

பெண் ஆட்டக்காரர்கள் விஷயத்தில் இந்தச் சான்றுகள் மெலிந்துவிடுகின்றன. டென்மார்க், நெதர்லாந்து ஆய்வுகள் இரண்டும் ஆண்களிடம் செய்யப்பட்டவை. ஆண்களைவிடப் பெண்களை அதிகம் வீழ்த்துவது முழங்காலின் சிலுவைத் தசைநார்க் காயம். 2023 உலகக் கோப்பைக்கு முன் ஆர்சனல் கிளப்பின் பெத் மீட், விவியான் மீடமா, லியா வில்லியம்சன் மூவரும் அதில்தான் விழுந்தார்கள். அதற்கு நார்டிக் மட்டும் போதாது. தாவி இறங்குவதையும் திசை மாற்றுவதையும் ஒற்றைக் காலில் நிலைப்பதையும் சேர்த்துப் பழக்க வேண்டும். ஃபிஃபாவின் 20 நிமிட ‘11+’ வார்ம்-அப் இவற்றையெல்லாம் சேர்த்துத் தொகுத்தது, நார்டிக்கும் அதில் உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்தபோது மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

நம் பள்ளி கிரவுண்டுகளில் வழக்கமான வார்ம்-அப் என்ன? நான்கு ரவுண்டு ஓட்டம், பிறகு வட்டமாக நின்று காலை நீட்டிப் பிடித்தல். ஆஸ்திரேலிய ராணுவத்தில் சேர்ந்த 1,538 பேரிடம் 2000இல் நடந்த சோதனையில், ஓடுமுன் தசையை நீட்டிப் பிடிப்பதால் கால் காயம் சொல்லும்படி குறையவில்லை. ஒரே வேகத்தில் ஓடும் ரவுண்டுகளும் முழு வேகத்துக்குக் காலைத் தயார்செய்வதில்லை. அந்த நேரத்தை மாற்றிச் செலவிட்டாலே போதும்: வாரம் இரண்டு நாள், உடம்பு சூடான பிறகு, களைப்பு ஏறுமுன், 30-40 மீட்டரை முழு வேகத்தில் நான்கைந்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறைய ஓய்வு. பயிற்சி முடிந்ததும் ஜோடி ஜோடியாக நார்டிக், போட்டிக்கு முந்தைய நாள் தவிர. ஒரு பள்ளிக்கே ஒற்றை பி.இ.டி. ஆசிரியர் என்றாலும் இதைச் செய்ய முடியும்.

காயம் பட்டுத் திரும்புகிற பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஏற்கெனவே ஒருமுறை கிழிந்த பின்தொடை மறுபடி கிழிய வாய்ப்பு மிக அதிகம். நார்டிக்கின் பலன் மிகப் பெரிதாகத் தெரிந்ததும் இவர்களிடம்தான். நடந்தால் வலிக்கவில்லை என்று பிள்ளை சொன்ன மறுநாளே களத்தில் இறக்கிவிடுகிறார்கள். நடக்கும்போது அந்தத் தசைக்குச் சோதனையே இல்லை. பயிற்சியில் 40 மீட்டரை முழு வேகத்தில், வெவ்வேறு நாட்களில், வலியில்லாமல் ஓடிக் காட்டும்வரை அந்தப் பிள்ளையின் பெயர் அணிப் பட்டியலில் இருக்கக் கூடாது, மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டமாகவே இருந்தாலும்.