அவள் சாப்பிட்டாளா?

என் மூன்றாவது கவிதைத் தொகுப்பு வெளிவந்த வாரம், துறை அறை மேசையில் இரண்டு பொருள்களைக் கொண்டுபோய் வைத்தேன். எட்டுப் பிரதிகள், ஒரு டப்பா நிறைய வாழைப்பழக் கேக். பதினொரு மணி இடைவேளைக்குள் டப்பா காலி. மூத்த பேராசிரியர் ஒருவர் விரலில் ஒட்டியிருந்த துணுக்கையும் விடாமல் தின்றுவிட்டு, "கைப்பக்குவம்னா இதாம்மா" என்றார். பிறகு புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, அட்டை நன்றாக வந்திருக்கிறது, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்று வருடமாகிறது. கேக்கைப் பற்றி மட்டும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதைக் குறையாகச் சொல்லலாம், சிரித்துவிட்டும் போகலாம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். ஆனால் தமிழ் இலக்கியம் கற்பிப்பவள் என்ற முறையில் எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. பெண் கையிலிருந்து வரும் உணவைப் பாராட்டுவதற்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய மொழி தயாராக இருக்கிறது. அந்த மொழி எங்கே உருவானது, யாரை அது பார்க்கவே இல்லை?

முதலில் கேக் கதையை முடித்துவிடுகிறேன். 2020 ஊரடங்கில்தான் நான் பேக்கிங் கற்றுக்கொண்டேன். தொடக்கத்தில் குக்கரில், வாஷரும் விசிலும் கழற்றி, அடியில் உப்பைப் பரப்பி. பிறகு சின்ன ஓ.டி.ஜி. அடுப்பு ஒன்று வாங்கினேன். சமையலில் எனக்கு ஒருநாளும் பிரியம் இருந்ததில்லை. சாம்பாரும் ரசமும் யாரோ எதிர்பார்த்துக்கொண்டே இருப்பவை. செய்தால் யாரும் கவனிப்பதில்லை, செய்யாவிட்டால் வீடே கவனிக்கும். கேக்கை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதனாலேயே எனக்கு அது பிடித்தது. அப்புறம், அதில் கண்ணளவு கிடையாது. அம்மாவும் மாமியாரும் "உனக்கே தெரியும்" என்று சொல்லிக் கைமாற்றும் கைப்பக்குவம் என்கிற மர்மம் அங்கே செல்லாது. மைதா இத்தனை கிராம், வெண்ணெய் இத்தனை, சூடு 180 டிகிரி, நேரம் 35 நிமிடம். யாப்பு மாதிரி. அளந்தால் வரும், அளக்காவிட்டால் நடுவில் அமுங்கிப்போகும். பிழை எங்கே என்று பிறகு உட்கார்ந்து யோசிக்கவும் முடியும்.

பாருங்கள், இப்படி அளந்து செய்ததைத்தான் "கைப்பக்குவம்" என்றார்கள்.

கல்லூரி திறந்ததும் திங்கட்கிழமைதோறும் கொண்டுபோகத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை, ஆசைப்பட்டுத்தான் கொண்டுபோனேன். மூன்றாம் மாதமே அது வழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் வெறுங்கையோடு போனால் "என்ன மேடம், வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று விசாரித்தார்கள். சம்பள உயர்வு வந்தால் ஆண் ஆசிரியர்கள் கடையிலிருந்து அரை கிலோ இனிப்பு வாங்கிவந்து பெட்டியோடு வைப்பார்கள். பெட்டி குப்பைக்குப் போய்விடும். என் டப்பா வெண்ணெய்ப் பிசுக்கோடு என் பையில் வீடு திரும்பும். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுத்த பாட்டிகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அந்த மரியாதை பெண்ணுக்கும் பெண்ணுக்கும் நடுவே மட்டும் புழங்கியது போலிருக்கிறது.

2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். ஆண்களில் அந்த வேலையைத் தொட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். என் ஞாயிற்றுக்கிழமை மாலையை எதில் சேர்ப்பது? வீட்டாருக்காகச் செய்ததில்லை, ஆகவே வீட்டு வேலை ஆகாது. சம்பளம் இல்லை, ஆகவே அலுவலக வேலையும் ஆகாது. அன்பு என்று எழுதிக்கொள்ளலாம். 1975இலேயே சில்வியா ஃபெடரிச்சி வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்டு எழுதியபோது இந்தச் சொல்லைத்தான் பிடித்து உலுக்கினார்.

இனி வகுப்பறை. குறுந்தொகையின் 167ஆம் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன். கூடலூர் கிழார் பாடியது, முல்லைத் திணை. மகளின் புதுக்குடித்தனத்தைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். முற்றிய தயிரை விரலால் பிசைந்தாள். அந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டாள், துணியை மாற்றவில்லை. தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே துழாவிப் புளிக்குழம்பு வைத்தாள். கணவன் இனிது என்று சொல்லிச் சாப்பிட்டான். அவள் முகம் நுட்பமாக மலர்ந்தது. அவ்வளவுதான் பாட்டு.

அழகான பாட்டு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. காந்தள் போன்ற விரலில் தயிர் அப்பியிருப்பதையும் துணியில் கறை படிவதையும் கவிதைக்குள் கொண்டுவர ஒரு தைரியம் வேண்டும். உரையாசிரியர்கள் இதை இல்லறத்தின் இனிமை என்று கொண்டாடுவார்கள். நானும் அப்படித்தான் பத்தாண்டுகள் நடத்தினேன். செங்கம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் முதுகலை மாணவி ஒருத்தி, காலையில் வீட்டுக்கே சமைத்துவைத்துவிட்டு வருகிறவள், ஒருநாள் கையைத் தூக்கினாள்.

"அம்மா, அவ சாப்பிட்டாளா?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் இல்லை. பாட்டிலும் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு இந்தப் பாட்டு எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. இதில் பேசுவது இரண்டே குரல்தான். செவிலி முழுவதும் பேசுகிறாள். கணவன் ஒரே ஒரு சொல் பேசுகிறான். சமைத்தவளுக்கு வாயில்லை, முகம் மட்டுமே இருக்கிறது. அந்த முகத்தையும் இன்னொருத்தி படித்துச் சொல்கிறாள். மலர்ச்சி நுட்பமானது என்று கவிஞர் சொல்வதைச் சும்மா தாண்டிப்போக முடியவில்லை. ஏன் நுட்பமாக? வெளிப்படையாக மகிழ உரிமையில்லாமலா, மகிழ்ச்சியே அரைகுறையாக இருந்ததாலா? இல்லை, புகையில் எரிந்த கண்ணோடு அவ்வளவுதான் முடிந்ததா? செவிலி பார்க்க வந்ததும் ஒரு சோதனைதான். பெண் நன்றாக இருக்கிறாள் என்பதற்குத் தாயிடம் கொண்டுபோகும் சாட்சி, மாப்பிள்ளை குழம்பைப் பாராட்டினார் என்பது. துறை அறையில் பேராசிரியர் "கைப்பக்குவம்" என்றபோது என் முகமும் நுட்பமாகத்தான் மலர்ந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

சிலப்பதிகாரத்துக்கு வந்தாலும் இதுவே தொடர்கிறது. கொலைக்களக் காதையில், கணவன் பிரிந்த காலத்தில் விருந்து எதிர்கொள்ளும் வாய்ப்பை இழந்துவிட்டேன் என்பதைத்தான் கண்ணகி தன் துயரமாகச் சொல்கிறாள். மாதரி வீட்டில் காய் நறுக்கி விரல் சிவக்க அவள் சமைத்துப் போட்ட சோறே கோவலனின் கடைசி உணவு.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988இல் வந்தது. சமையலறையைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்று மருமகள் மீனாட்சி கேட்பதே அந்த வீட்டில் கலகமாகிறது. அந்த இருட்டு மூலைதான் தன் ராஜ்யம் என்று ஆயுள் முழுவதும் நம்பிய ஜீஜியிடம், அது பலமே இல்லை என்று ஒருத்தி சொல்ல வேண்டியிருக்கிறது. என் தோழிகள் சிலர் இந்தக் கதையைக் காட்டித்தான் என்னிடம் சண்டை போட்டார்கள். "சமையலறையைத் தூக்கிட்டு ஆபீஸ் வரைக்கும் வந்துட்டியே" என்றாள் ஒருத்தி. நான்கு மாதம் நிறுத்தியும் பார்த்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விமர்சனம் பாதி தூரம்தான் போகிறது என்று பின்னால் எனக்குப் புரிந்தது. கொடுப்பவள் பெண் என்பதோடு அது நின்றுவிடுகிறது. எந்தப் பெண் கொடுத்தால் வாங்குவார்கள் என்று அது கேட்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

எங்கள் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரு கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், ஒரு தூக்குவாளி நிறையப் பொரி உருண்டை கொண்டுவந்து, என் கேக் டப்பா வழக்கமாக இருக்கும் அதே மேசையில் வைத்தார். "புள்ளைங்களுக்குச் செஞ்சேன், உங்களுக்கும் எடுத்தாந்தேன்." ஒருவருக்குச் சர்க்கரை நோய் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமைகளில் அந்த நோய் அவருக்கு இருந்ததில்லை. இன்னொருவருக்கு விரதம். ஒருவர் பல் வலி என்றார். நான் எடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்று எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னேன். சொல்லும்போதே என்னை எனக்குப் பிடித்திருந்தது. மாலையில் வாளி அப்படியே திரும்பிப் போனது.

சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற விவகாரம் வெடித்து நூறு ஆண்டுகள் ஆகின்றன. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், தலித் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர்கள் திரண்டார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே உத்தரவு ரத்தானது. அங்கே வெளிப்படையாக மறுத்தார்கள். படித்தவர்கள் கூடும் அறையில் மறுப்பு சர்க்கரை நோயாக வருகிறது. இதே ஊரில் பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தொன்னையில் தரும் பொங்கலை, யார் வீட்டு அடுப்பு என்று கேட்காமல் எல்லாரும் வாங்கித் தின்கிறோம். கொடுப்பவர் பெயர் பேனரில் இருக்கிறது. கிண்டியவர் யாரென்று தெரிவதில்லை. தெரியாதவரை எல்லாம் பிரசாதம்.

மணிமேகலையை இந்த இடத்தில்தான் திரும்பப் படித்தேன். அட்சயபாத்திரத்தைப் பசிப்பிணி தீர்க்கும் அற்புதமாகவே நமக்குப் பாடமெடுத்தார்கள். அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பாருங்கள். அமுதசுரபியை முன்பு வைத்திருந்தவன் ஆபுத்திரன். பிறப்பைச் சொல்லி இழித்து அந்தணர்கள் துரத்தியவன். மதுரையில் பிச்சை எடுத்துக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டியவன். அடுத்து ஏந்தியவள் கணிகை மாதவியின் மகள். சாத்தனார் அந்தப் பாத்திரத்தை எந்தக் குலமகளின் அடுக்களையிலும் வைக்கவில்லை. ஆதிரை முதல் பிச்சை இடுவதோடு சரி. மணிமேகலை சமைப்பதே இல்லை. அவள் கண்ணில் தாளிப்புப் புகை இல்லை, இனிது என்று சொல்ல ஒரு கணவனும் இல்லை. உலக அறவியில் நின்று பொதுவில் கொடுக்கிறாள், வாங்குகிறவர்கள் அவள் பிறப்பைக் கேட்பதில்லை. தமிழில் பெண் உணவளிக்கும் காட்சிகளில் அடுப்பிலிருந்தும் குலத்திலிருந்தும் ஒருசேர விலகி நிற்பது இதுதான். அது நடக்க ஒரு தெய்வப் பாத்திரம் தேவைப்பட்டது என்பது காப்பியத்தின் குறையா, நம் குறையா என்று மாணவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

மீண்டும் கேக் கொண்டுபோனேன், ஒரு திங்கட்கிழமை. எல்லாருக்கும் தட்டில் வைத்தேன். அக்கா துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்றார். வழக்கம்போல ஒரு துண்டைக் கிழித்த நோட்டுத்தாளில் வைத்து நீட்டினேன். அவர் கை நீளவில்லை.

"தட்டுலயே வைங்க மேடம். கழுவி வெச்சிர்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். மூன்று வருடமாக அவருக்கு மட்டும் தாளில் கொடுத்துவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டு போதவில்லை என்றுதான் எனக்குள் காரணம் வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் மேசையில் இரண்டு தட்டுகள் சும்மா கிடந்தன. என் கவிதைகளில் சாதி பற்றி எழுதியிருக்கிறேன். மேசைமேல் வைத்த அந்த எட்டுப் பிரதிகளிலும் இருக்கிறது.

அந்த வாரம் தேரடி வீதியில் பத்து எவர்சில்வர் தட்டுகள் வாங்கினேன். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் முதல் நாள் குழாயடியில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்க்க வேண்டுமே! இப்போது பழகிவிட்டார். அக்கா தட்டில் வாங்கிக்கொள்கிறார், வராந்தாவில் நின்றபடியே சாப்பிடுகிறார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். "இருக்கட்டும் மேடம், வேலை கெடக்குது" என்றார்.

அடுத்த கார்த்திகை வந்தது. தீபத்துக்கு மறுநாள் மேசையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மத்தியானம் வராந்தாவில் அவரைக் கண்டபோது, "இந்த வருஷம் பொரி உருண்டை செய்யலையாக்கா?" என்று கேட்டேன்.

"செஞ்சேன் மேடம். புள்ளைங்களே தின்னுட்டாங்க."