சும்மாதான் கேட்டேன்

தமிழ் சினிமாவில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அப்பாக்களுக்குப் பஞ்சமில்லை. 'அபியும் நானும்' (2008) படத்தில் மகளுக்கு எல்.கே.ஜி. இடம் வாங்க பிரகாஷ்ராஜ் படும் பாடு நம்மைச் சிரிக்க வைத்தது. அதே பிரகாஷ்ராஜ் 2012இல் தானே இயக்கி நடித்த 'தோனி'யில் பதிவு அலுவலகக் குமாஸ்தாவாக வந்து, ஊறுகாய் போட்டு விற்று, பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அடுத்த வருடம் ராமின் 'தங்க மீன்கள்'. மகளின் ஃபீஸைக் கட்ட முடியாமல் கல்யாணி கூனிக்குறுகி நின்றதைப் பார்த்துத் தியேட்டரில் அழுதவர்கள் நிறையப் பேர். மூன்றையும் சமீபத்தில் திரும்பப் பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் காலை வேளைகளில் நான் பார்க்கிற ஒருவர் மட்டும் இந்தப் படங்கள் எதிலும் இல்லை.

அது ஒரு அம்மா. மாத்தூரிலோ வல்லத்திலோ பண்ருட்டியிலோ லைன் வீட்டில் குடியிருப்பவர். (பலாப்பழத்துப் பண்ருட்டி இல்லை, ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பண்ருட்டி.) கணவன் ஏதோ ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கமாக இருக்கும், இல்லையென்றால் விழுப்புரம். விடிகாலையில் கம்பெனி பஸ் வந்து கணவனை ஏற்றிக்கொண்டு போய்விடும். வெயில் ஏறியதும் அதே நிறுத்தத்துக்கு மஞ்சள் பஸ்கள் வரத் தொடங்கும். தன் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகிற வழியில் அந்த அம்மா அங்கே கொஞ்சம் நிற்பார். இன்னொரு பிள்ளையை மஞ்சள் பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவரிடம் பேச்சுக் கொடுப்பார்.

"எவ்ளோக்கா கேக்குறாங்க?"

"டெர்முக்கா, வருசத்துக்கா?"

"வேன் ஃபீஸு தனியா? புக்கு, யூனிஃபார்ம்லாம் அங்கியேதான் வாங்கணுமா?"

கேள்விகள் நிற்காது. டாய்லெட் எப்படி, மிஸ் இங்கிலீஷிலேயேதான் பேசுவாங்களா, தமிழில் பேசினால் திட்டுவாங்களா, சோறு எத்தனை மணிக்கு. "ஏம்மா, சேக்கப்போறியா?" என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் தயாராக இருக்கும்: "இல்லக்கா, சும்மாதான் கேட்டேன்."

இந்தச் 'சும்மா'வை நம் சினிமாவோ சிறுகதையோ ஏன் இன்னும் தொடவில்லை என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

'தங்க மீன்க'ளிலிருந்தே தொடங்கலாம், மூன்றில் அதுதான் பெரிய படம் என்பதால். கல்யாணி ஓய்வுபெற்ற ஆசிரியரின் மகன். அப்பாவின் வீட்டில் அப்பாவின் சோற்றைத் தின்றுகொண்டு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறவன். மகள் செல்லம்மா தனியார் பள்ளியில் பின்தங்கிப்போன பிள்ளை. பணமில்லாத ஒருவனின் அவமானம் உடம்பில் எப்படி ஏறும் என்பதை ராம் நன்றாக அறிந்தவர். நடிகராகவும் அதைக் காட்டியிருக்கிறார். ஃபீஸ் கேட்கப்படும்போது அவன் தோள் இறங்குகிற விதம் ஒன்று போதும். ஆனால் ஒரு கேள்வியை அந்தப் படம் கேட்பதே இல்லை. மகளை அந்தப் பள்ளியில் ஏன் சேர்த்தார்கள்? யார் போய் விசாரித்தார்கள்? எந்த நாளில், யார் சொன்னதைக் கேட்டு அந்த வீடு அந்த முடிவுக்கு வந்தது? படம் தொடங்கும்போதே பிள்ளை உள்ளே இருக்கிறது, கடனும் இருக்கிறது. பள்ளி வில்லனாகவும் அப்பா பாசக்காரனாகவும் இருந்தால் அந்தக் கேள்விக்குத் தேவையே இல்லாமல் போகிறது. வடிவு என்கிற அம்மாவுக்கு இந்த விஷயத்தில் என்ன தெரியும், என்ன ஆசை என்பதற்குப் படத்தில் இடமில்லை. கடைசியில் செல்லம்மா அரசுப் பள்ளிக்கு வந்து மலர்கிறாள். பார்க்கிறவனுக்கு ஆறுதலான முடிவு. ஆனால் இந்தத் தீர்வு முதல் நாளே அந்தத் தெருவில் இருந்ததுதானே? அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்த ஆசை என்ன ஆனது? படம் அதைத் தப்பு என்றுகூடச் சொல்லவில்லை; மறந்துவிடுகிறது.

'தோனி' கலையாகப் பார்த்தால் இதைவிடச் சின்னப் படம். ஆனால் அதன் முதல் பாதியில் கணக்கு இருக்கிறது. சம்பளம் இவ்வளவு, ஊறுகாயில் இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு. கையிலிருக்கும் பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணுகிற அப்பாவைத் தமிழ் சினிமாவில் நாம் அதிகம் பார்த்ததில்லை. அந்த நல்ல தொடக்கத்தைப் படமே கைவிட்டுவிடுகிறது. ஆத்திரத்தில் அப்பா அடித்த அடியில் பையன் கோமாவுக்குப் போகிறான். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியும் கல்விமுறை பற்றிய பேச்சும்தான். மதிப்பெண்ணுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடக்கும் சண்டையில் ஊறுகாய் பாட்டில்கள் எங்கேயோ போய்விட்டன. மராத்தியிலிருந்து வந்த கதை அது. மூலத்தின் எலும்பே அப்படித்தான். இருந்தாலும் அந்த ஊறுகாயை விட்டிருக்க வேண்டாம்.

'இந்தி மீடியம்' (2017) நேராக இந்த விஷயத்துக்கே வந்த படம். சாந்தினி சௌக்கில் துணிக்கடை வைத்திருக்கும் பணக்காரத் தம்பதி, ஏழைகளுக்கான ஒதுக்கீட்டில் மகளுக்கு இடம் வாங்க ஏழைகளாக வேஷம் போடுகிறார்கள். இர்ஃபான் கான் நடிப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் கண் தீபக் டோப்ரியால் நடித்த ஷ்யாம்பிரகாஷ் மேலேயே இருந்தது. நிஜமான ஏழை அவர்தான். பக்கத்து வீட்டுக்கு வந்த போலி ஏழைக்கு ரேஷன் வரிசையில் நிற்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறவரும் அவர்தான். அவருடைய பையனுக்கு இடம் கிடைக்கவில்லை. கதை அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை, பணக்காரரின் குற்றவுணர்ச்சிக்குப் போனது. கடைசியில் பணக்காரர் மேடையேறிப் பேசி, மகளை அரசுப் பள்ளியில் சேர்த்து நல்லவராகிவிடுகிறார். ஷ்யாம்பிரகாஷுக்கு அந்தப் பள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை இருந்திருக்குமா? நமக்குத் தெரியாமலே போகிறது.

ஆக, நம் கதைகளுக்குத் தெரிந்த பெற்றோர்கள் சிரிக்க வைக்கிற அசடு, கடனில் மூழ்குகிற தியாகி, இல்லாவிட்டால் திருந்துகிறவர். விசாரிக்கிறவரைத் தெரியாது. காரணம் எளிது: விசாரிப்பதில் ஒன்றும் நடப்பதில்லை. சேர்த்தால் கதை உண்டு, சேர்த்துவிட்டுக் கட்ட முடியாமல் போனால் இன்னும் பெரிய கதை உண்டு. கேட்டுவிட்டு நடந்துபோனால் என்ன கதை?

நான் நினைக்கிறேன், அங்கேதான் கதையே இருக்கிறது. அந்த அம்மா எதை விசாரிக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009இல் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்து, ஒவ்வொரு பள்ளிக்கும் இவ்வளவுதான் என்று தொகை நிர்ணயித்தார்கள். அதாவது அந்த அம்மா கேட்கும் எண் அரசாங்கக் காகிதத்தில் இருக்கிற எண். ஆனாலும் அதைத் தெரிந்துகொள்ள பஸ் நிறுத்தத்தில் இன்னொரு பெண்ணின் வாயைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளியின் கேட்டுக்குப் போய்க் கேட்கலாமே என்றால், அங்கே செக்யூரிட்டி "அட்மிஷனா?" என்பார். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் உள்ளே விடமாட்டார். சும்மா தெரிந்துகொள்ள வந்தேன் என்று சொல்லி நுழைய அந்தக் கட்டடத்தில் வாசல் கிடையாது.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறுபான்மை நிறுவனங்கள் தவிர்த்த தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஒதுக்க வேண்டும். பிள்ளையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்து வடிகட்டக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது. ('அபியும் நானும்' வந்து இரண்டே வருடத்தில் அதன் நகைச்சுவை சட்டவிரோதமாகிவிட்டது. நடைமுறையில் 'இன்ட்ராக்ஷன்' என்று பேரை மாற்றிக்கொண்டார்கள்.) லைன் வீட்டுக்காரர்கள் இந்த 25 சதவீதத்தைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை, நன்றாகவே தெரியும். ஆனால் தமிழ்நாட்டில் விண்ணப்பிக்க வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெரிய பள்ளிகள் ஏக்கர் கணக்கில் இடம் வாங்கி ஊருக்கு வெளியே நிற்கின்றன. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் பாதி கம்பெனி மதில்தான். இருப்பிடச் சான்று வேண்டும்; இவர்களின் ரேஷன் கார்டு ஊரில் மாமியார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. விண்ணப்பம் கூடிப்போனால் குலுக்கல். 2025இல் ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் நிதித் தகராறு முற்றி, வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளையைக் கையில் பிடித்திருப்பவருக்கு அக்டோபர் எதற்கு?

இதற்கு நடுவில் ஏக்கம் வேறு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. முன்பு மெட்ரிக் என்றாலே போதும், டை கட்டிய பிள்ளை. 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சமச்சீர் கல்வி வந்தது. மெட்ரிக்கிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே பாடப்புத்தகம் என்றானது. நல்ல காரியம்தான். ஆனால் கேள்வி அதோடு நிற்கவில்லை. "சிபிஎஸ்இ-யாக்கா?" என்று மாறியது. இன்று அந்த நிறுத்தத்தில் முதலில் கேட்கப்படுவது அதுதான், பிறகுதான் பணம். கட்ட முடியாது என்று தெரிந்தவர் எதற்குப் பாடத்திட்டத்தைக் கேட்கிறார்?

'சாட்டை' (2012), 'ராட்சசி' (2019) வகைப் படங்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. நல்ல ஆசிரியர் ஒருவர் வந்து அரசுப் பள்ளியைத் தலைகீழாக மாற்றினால் ஜனங்கள் தேடி வருவார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். அரசுப் பள்ளிகள் மாறாமலும் இல்லை. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இலிருந்து இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. லைன் வீட்டு அம்மாக்கள் இந்தக் கணக்கையும் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். "அஞ்சாவது வரைக்கும் எப்டியாவது அங்க போட்டுட்டா, ஆறாவதுக்குக் கவர்மென்ட்டுக்கு மாத்திக்கலாம்." இதைவிட நுட்பமான திட்டத்தைக் கல்வித்துறை வல்லுநர்கூடச் சொல்ல முடியாது. அரசுப் பள்ளியின் அருமை தெரியாத அறியாமை இது என்று நம் கட்டுரையாளர்கள் எழுதும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அருமை தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த மஞ்சள் பஸ்ஸைப் பார்க்கிறார்கள். அந்தப் பஸ்ஸின் மறுபக்கமும் தெரியும். 2012 ஜூலையில் இங்கிருந்து அதிக தூரமில்லாத முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஆறு வயதுச் சிறுமி செத்துப்போனாள். அதற்கும் எட்டு வருடம் முன்பு கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கூரைத் தீ கொண்டுபோனது. இவையெல்லாம் மறந்துபோய் எழுகிற ஆசையில்லை.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' நினைவுக்கு வருகிறது. வசதியான வீட்டுப் பையனும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் உன்னிடம் இது இருக்கிறதா, என்னிடம் அது இருக்கிறது என்று போட்டி போடுவதில் தொடங்கும் கதை. இல்லாத பிள்ளைகளுக்கு அதில் வெட்கமே கிடையாது. அவன் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறாரா, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று அநாதைப் பையன் ஒருவனைக் காட்டிச் சொல்லிவிட முடிகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொறாமை மட்டும்தான் இருக்கும் என்ற நம் எண்ணத்தை அழகிரிசாமி அத்தனை வருடம் முன்பே உடைத்துவிட்டார். ஆனால் அது குழந்தைகளுக்கு வாய்த்தது. அந்தக் கதையிலும் தாயம்மாள் ஒப்பிடுவதில்லை, கொடுக்கிறார். பெரியவர்கள் ஒப்பிட்டால் நம் இலக்கியத்துக்கு உடனே ஒரு தீர்ப்புத் தேவைப்படுகிறது: பேராசை, இல்லையென்றால் சுரண்டல். நம் பள்ளிக்கூடக் கதைகளில் பெரும்பாலானவை எழுத்தாளர்களின் சொந்தப் பள்ளி நினைவு என்பதும் இன்னொரு காரணம். அதில் அம்மா என்பவர் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றுவிடுகிறவர்.

இந்தப் பகுதியைப் பற்றி எழுத வருகிறவர்களும் வேறெங்கோ பார்க்கிறார்கள். நோக்கியா வந்தது, 2014இல் மூடினார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போனதும் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுத வேண்டியவைதான். ஆனால் போராட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த தொழிலாளியின் வீட்டில் அன்றைக்கு என்ன பேசினார்கள்? சங்கம், சம்பளம் என்பதற்குள் பிள்ளையின் ஃபீஸும் இருந்திருக்கும்தானே.

லைன் வீடு என்று சொன்னேன். அதையும் கொஞ்சம் விளக்க வேண்டும். சிப்காட்டுக்கு நிலம் போனபோது கையில் பணம் வந்தவர்களில் பலர் மிச்சமிருந்த மனையில் வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். பத்து அறை, பொதுக் குழாய், மாடியில் ஹவுஸ் ஓனர். மாடி வீட்டுப் பிள்ளை மஞ்சள் பஸ்ஸில் போகிறது. கீழே பத்துக் குடும்பமும் ஐந்தாம் தேதிக்குள் வாடகையைக் கொடுத்துவிடுகிறது. சாயங்காலம் அந்தப் பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதும்போது, குழாயடிக்கு வந்த அம்மா குடம் நிறையும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அதன் டைரியைப் புரட்டிப் பார்க்கிறார். 'அவர் சில்ட்ரன் ஆர் அவர் ப்ரைட்' என்கிற மாதிரி ஏதோ அட்டையில் போட்டிருக்கிறது. உள்ளே மிஸ் சிவப்பு மையில் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். "இது இன்னாடா போட்டுருக்கு?" என்று கேட்கிறார். பிள்ளை படித்துச் சொல்கிறது: செகண்ட் டெர்ம் ஃபீஸ், கடைசித் தேதி பத்து.

"உங்கப்பா கட்டிட்டாரா?"

"இன்னும் இல்ல ஆன்ட்டி. வாடகை வரட்டும்னாரு."