மூன்று பலகை, ஒரு கூரை

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மலையகத்து நோர்வூட்டில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஊரில், ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிப் பலகைகள் மூன்றைக் கோத்து வீட்டிலேயே ஒரு சேமிப்புக் கிளஸ்டர் கட்டுவது தகுமா?

மலையகத்தவருக்கு இது பொழுதுபோக்குக் கேள்வியன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. காட்டப் பத்திரம் இல்லாமல் நாடற்றுப்போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நாம். பிறப்புச் சான்றிதழையும் பழைய படங்களையும் ஸ்கேன் செய்து காப்பது நமக்குக் கடமை.

கிளஸ்டருக்கும் நியாயம் உண்டு. கிளஸ்டர் சேமிப்பை நடத்தும் செஃப் போன்ற மென்பொருள் வழக்கமாக எதையும் மூன்று பிரதியாக வைக்கும். ஒரு வட்டு செத்தாலும் வேலை நிற்காது. 2019இல் வந்த பை 4, யூஎஸ்பி 3ஐயும் முழுவேகக் கிகாபிட் ஈதர்நெட்டையும் தந்து வேகக் குறையைப் பெருமளவு தீர்த்தது.

ஆனால் மூன்று 1 டெராபைட் வட்டுக்குக் காசு கொடுத்து, ஒரு டெராபைட்டைத்தான் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு வட்டையும் கவனிக்கச் செஃப் இயல்பாக 4 ஜிபி நினைவகத்தைக் குறிவைக்கிறது. பை 4இன் யூஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்ந்து தருவது 1.2 ஆம்பியர்தான். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலகையின் சிவப்பு விளக்கு அணையும். மழைநாளில் அந்தச் சிறுவிளக்கு சிமிட்டும்போது, எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் நிற்கலாம்.

இந்த மின்குறைகள் நல்ல மின்வழங்கியும் பேட்டரியும் வாங்கினால் தீரும். காசால் தீராத குறை வேறு: மூன்று பலகையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஓர் இடியோ ஒரு மண்சரிவோ போதும். தவறுதலாக அழித்த படம் மூன்று பிரதியிலும் சேர்ந்தே அழியும். கட்டிய பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் பழுது பார்க்க ஆளில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஒரே கட்டடத்தோடு போனதை நாம் மறக்கக் கூடாது.

ஆகவே என் முடிவு: லினக்ஸும் வலையமைப்பும் கற்க, கிளஸ்டர் அருமையான பள்ளிக்கூடம், பத்திரப் பெட்டியாக அது தேறாது. ஒரு பலகையும் ஒரு வட்டும் வீட்டில் போதும். இன்னொரு பலகை ஹட்டனிலோ கொழும்பிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும். இரவில் புதியவை மட்டும் அங்கே போகட்டும். மூன்றாவது பிரதி, மாதம் ஒருமுறை மட்டும் சொருகி எடுத்து அலுமாரியில் வைக்கும் வட்டு. தோட்டத்துச் சிறப்பு மலர்களும் துண்டுப்பிரசுரங்களும் கையில் இருந்தால், 2005 முதல் ஈழத்து எழுத்துகளை மின்வடிவாக்கிவரும் நூலகத் திட்டத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நமக்கென்று வைப்பது அதே மூன்று பிரதிதான். கூரை மட்டும் ஒன்றல்ல.