இரவுக் காவலுக்கு என்ன கூலி?

மறதிநோயின் செலவைக் கணக்கிட்டவர்களில் முக்கியமானவர் சுவீடன் ஆய்வாளர் ஆண்டர்ஸ் விமோ. மார்ட்டின் பிரின்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய 2010ஆம் ஆண்டின் உலக அல்சைமர் அறிக்கை, டிமென்ஷியாவின் உலகளாவிய செலவு 60,400 கோடி டாலர் என்றது. வீட்டிலிருப்பவர்களின் சம்பளமில்லா உழைப்பையும் சேர்த்த தொகை அது.

விமோ உருவாக்கிய கேள்வித்தாள் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, சமைப்பதோடு நிற்பதில்லை. 'பார்த்துக்கொண்டிருப்பது' எத்தனை மணிநேரம் என்று தனியாகக் கேட்கிறது. பெண்களின் உழைப்பைப் பேசும் நாமே பலமுறை தவறவிடும் இடம் இது. நடுராத்திரியில் தாழ்ப்பாளைத் திறந்து "எங்க வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடும் மாமியாருக்காக அரைத்தூக்கத்தில் கிடக்கிற மருமகள், யார் கண்ணுக்கும் எந்த வேலையும் செய்யவில்லை. தூங்கவும் இல்லை.

அந்த மணிகளுக்கு விலை போடும்போதுதான் இடறுகிறது. அந்தந்த நாட்டின் சராசரிக் கூலியால் பெருக்குகிறார்கள். அதே விழிப்பு சுவீடனில் பெருந்தொகை, ஏழை நாட்டில் சில்லறை. நோயாளிகளில் 14 சதவீதம் பேர் வாழும் மிக ஏழை நாடுகளின் பங்கு, மொத்தச் செலவில் 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. காப்பகமும் மருத்துவமும் அங்கே அரிது என்பது ஒரு காரணம். கூலி மலிவு என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து, அரசு எதுவும் செய்யாத இடத்தை 'செலவு குறைந்த' இடமாகக் காட்டிவிடுகின்றன.

2019ஆம் ஆண்டுக் கணக்கிலும் ஏறத்தாழப் பாதித் தொகை வீட்டுக் கவனிப்புதான். அந்த மணிகளில் 70 சதவீதம் பெண்களுடையவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிதி ஒதுக்குபவர்களுக்கு டாலர்தான் புரியும் என்பார்கள். சரி, டாலரில் சொல்லட்டும். பக்கத்திலேயே மணிநேரத்தையும் அச்சிட்டால், எந்த நாட்டுப் பெண்கள் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பதும் தெரியும்.