இரயில் ஏறிய ஜாதி

கோவில்பட்டி இரயிலடியில் மாலை வேளையிலே சற்று நின்று பாருங்கள், தோழரே! தீப்பெட்டி ஆலையிலிருந்து திரும்பும் பெண்ணின் கையிலே கைப்பேசி. பருத்திக்காட்டிலிருந்து வந்த பெரியவர் கையிலே கைப்பேசி. கல்லூரி மாணவன் கையிலோ கேட்கவே வேண்டாம்! "எல்லோர் கையிலும் ஒரே கருவி, இனி ஜாதி எங்கே நிற்கும்?" என்று மகிழ்கின்றனர் சிலர். இந்த மகிழ்ச்சி புதிதன்று.

1853ஆம் ஆண்டிலேயே காரல் மார்க்ஸ், இருப்புப்பாதை கொணரும் புதுத் தொழில்கள் ஜாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழிற்பிரிவினையைக் கரைத்துவிடும் என்று கருதினார். 1876இல் தூத்துக்குடிவரை இரயில் ஓடிற்று. இந்தக் கரிசல் மண்ணைக் கடந்துதான் ஓடிற்று. ஜாதி கரைந்ததா? இரயிலிலே ஏறிக்கொண்டது! ஒரே வண்டியில் வந்திறங்கியவர்களுக்கு, நிலையத்து உணவுச்சாலையிலே பார்ப்பனருக்கு வேறிடம், மற்றவருக்கு வேறிடம். அந்தத் தடுப்பு 1941இல் நீங்கியது. நீக்கியது நீராவியா? பெரியாரின் கிளர்ச்சி!

இன்று கைப்பேசியிலும் ஏறிவிட்டது. தெற்கே நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில், ஒரு மாணவனை அவன் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர் கைகளில் ஜாதி வண்ணக் கயிறு கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றை ஆசிரியர் அவிழ்க்கலாம். அதே வண்ணம் கைப்பேசித் திரையிலே 'ஸ்டேட்டஸ்' என்று மின்னுகிறதே, அதை அவிழ்ப்பவர் யார்?

தூத்துக்குடி மாவட்டத்திலே பிறந்து, கணினிப் பொறியாளராக உயர்ந்த இளைஞர் ஒருவர், 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். வேற்று ஜாதிப் பெண்ணுடன் கொண்ட பழக்கமே காரணம் என்கிறது வழக்கு. கணினி கற்றவர், கணினியாலேயே பிழைத்தவர்!

அரிவாளைக் கண்டால் நாம் பதறுகிறோம். அரிவாளின்றி நடப்பதைக் கண்டு பதறுகிறோமா? மணமக்களைத் தேடித்தரும் இணையதளங்களைத் திறந்து பாருங்கள். மதம், ஜாதி, உட்பிரிவு, நட்சத்திரம் என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். ஜாதிக்கொரு தளமே தனியாக உண்டு! பழைய தரகராவது பத்து ஊர் அலைவார். சில வேளை பொய்யும் சொல்வார். அந்தப் பொய்யால் ஓரிரு கலப்பும் நடந்திருக்கும். பொறியோ ஆயிரம் பேரை நொடியிலே சலித்து, 'நம்மவர்' மட்டும் தங்கும்படி செய்கிறது. புரோகிதர் இல்லாத திருமணத்துக்கு 1967இல் அண்ணா சட்டம் கண்டார். பொறியையே புரோகிதராக்கிக்கொண்டோம் நாம்.

நாளை உங்கள் தங்கைக்கும் மணமகன் தேடுவார்கள். வீட்டிலே படித்தவர் நீங்கள். படிவத்தை நிரப்பச் சொல்லிக் கைப்பேசியை உங்களிடம்தான் நீட்டுவார்கள். அந்த ஜாதிக் கட்டத்திலே என்ன எழுதப்போகிறீர், தோழரே?