ஐந்தெழுத்துப் பழி

“குடிகாரன்!”

ஐந்தே எழுத்து! மனிதனின் பெயரை, தொழிலை, தந்தை என்னும் தகுதியை, அத்தனையையும் விழுங்கிவிடும் ஐந்தெழுத்து!

காசம் கண்டவரைக் காசநோயாளி என்கிறோம். நீரிழிவு கண்டவருக்குப் பத்தியம் சொல்கிறோம். குடியால் நலிந்தவருக்கு மட்டும் வசைதான் வாய்க்கிறது. திரையிலே அவர் தள்ளாடினால் சிரிப்பு. தெருவிலே தள்ளாடினால் சீற்றம். மருத்துவமனை வாயிலிலே வந்து நின்றாலோ, அங்கும் அதே சொல்!

“சொல்லை மாற்றினால் போதை தெளியுமா?” என்று கேட்பர் சிலர். தெளியாது; ஆனால், மருத்துவம் செய்வோரின் மனம் மாறும். 2010-இல் அமெரிக்காவில் கெல்லி, வெஸ்டர்ஹாஃப் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 500-க்கு மேற்பட்ட மனநல மருத்துவத் துறையினரிடம் ஒரே நோயாளியின் வரலாற்றைத் தந்தனர். ஒரு சாராரின் தாளில் அவர் ‘போதைப்பொருளைத் தகாவழியில் பயன்படுத்துபவர்’. மறு சாராரின் தாளில் ‘போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உடையவர்’. வேறுபாடு அவ்வளவே! முதற்சொல்லைப் படித்தவர்களே, ‘குற்றம் அவருடையது, தண்டனை தகும்’ என்னும் பக்கம் மிகுதியாகச் சாய்ந்தனர். கற்றறிந்தோர் நிலையே இது! 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டின் நோய்ப்பெயர்களிலிருந்து அந்தப் பழைய சொல்லை நீக்கியது.

“மனம் வைத்தால் விட்டுவிடலாமே!” என்பது மற்றொரு வாதம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கலாம், வலிப்பு வரலாம், உயிரே போகவும் கூடும். இவருக்கு வேண்டியது வசையா, வைத்தியமா?

‘குடிநோயாளர்’ என்று இன்று சொல்லத் தொடங்கியிருக்கிறோம். நல்லதே. ‘குடிநோய் உற்றவர்’ என்பது அதனினும் நன்று. உற்றது நீங்கவும் கூடும் அன்றோ?

ஊருக்கு உரைக்கும் நானும் குற்றவாளியே. காலந்தாழ்த்தி வந்த மாணவனிடம், “குடிகாரன் பிள்ளைதானே நீ!” என்று வகுப்பறையிலே சீறினேன். அவன் தலை கவிழ்ந்தபடி சொன்னான்: “அப்பா குடியை விட ஆஸ்பத்திரியிலே சேர்ந்திருக்காருங்க ஐயா. சோறு கொடுத்துட்டு வர்றேன்.”

நோயை வெல்லத் தந்தை புறப்பட்டுவிட்டார். பட்டம் பெற்ற நான்தான் பழஞ்சொல்லிலே கிடந்தேன்!

தோழர்களே, குடியைக் கண்டிப்போம், கடுமையாகவே! குடிநோய் உற்றவரை மனிதர் என்றே அழைப்போம். பழிச்சொல்லுக்கு அஞ்சி அவர் மருத்துவமனை வாயிலிலிருந்து திரும்பினால், அந்தப் பழி நம்முடையது!