நன்றி யாருடையது?

நாயைப் பற்றி எழுத உட்காருகிறவர்களுக்கெல்லாம் பேனா முனையில் முதலில் வந்து நிற்கிற வார்த்தை 'நன்றி'. பள்ளிக்கூடத்து வியாச நோட்டில் தொற்றிக்கொண்ட வியாதி அது. கதாசிரியர்களான பிறகும் நம்மை விடுவதில்லை. நாய் வரும், எஜமானுக்காக உயிரை விடும், ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நானும் அப்படி ஒரு கதை எழுதியவன்தான். என் தொகுதிகளில் அது இல்லை, தேட வேண்டாம்.

அதை நான் ஒதுக்கியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, மழைக்குத் திண்ணையில் ஒதுங்கி, அப்படியே வீட்டுக்குள் குடிவந்துவிட்ட ஒரு தெருநாய். இன்னொன்று, வர்ஜீனியா உல்ஃப் 1933-ல் வெளியிட்ட 'ஃப்ளஷ்' என்ற சிறு புத்தகம்.

ஃப்ளஷ் கற்பனை நாய் அல்ல. ஆங்கிலக் கவி எலிசபெத் பாரெட்டுக்கு, அவருடைய தோழியும் எழுத்தாளருமான மிஸ் மிட்ஃபோர்டு கொடுத்த ஸ்பானியல் நாய். வயல்வெளியில் ஓடித் திரிந்த அது, லண்டன் விம்போல் தெருவில் ஒரு நோயாளியின் அறையில், சோபாவின் காலடியில் அடங்கிக் கிடக்கக் கற்றுக்கொள்கிறது. இதுவரை பழைய கதைதான்.

பிறகு நாய்த் திருடர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பணம் வராவிட்டால் நாயின் தலையும் பாதங்களும் பொட்டலமாக வந்து சேருமாம். பணம் கொடுக்கக் கூடாது என்கிறார் தகப்பனார். அக்கிரமக்காரர்களுக்கு இணங்கலாகாது என்று காதலர் ராபர்ட் பிரௌனிங்கும் கடிதம் எழுதுகிறார். நியாயம் அவர்கள் பக்கம்தான். இருந்தும் எலிசபெத், 1846 செப்டம்பரில், ரகசியக் கல்யாணத்துக்குச் சில நாளே இருக்கும்போது, காதலர் பேச்சையும் மீறி, வண்டி பிடித்து வைட்சாப்பல் சேரிக்கே போகிறார். நாய் வீடு வந்து சேருகிறது.

உண்மையில் ஃப்ளஷ் மூன்று தடவை திருட்டுப் போயிற்று. உல்ஃப் அதை ஒரே தடவையாக்கிவிட்டார். கதை எழுதுகிறவருக்கு அந்த உரிமை உண்டு. அடி ஓர் இடத்தில் பலமாக விழுகிறது. பரீட்சைக்கு உட்காருவது நாய் அல்ல, மனுஷி.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. அந்தஸ்து, குலப்பெருமை என்று ஃப்ளஷ் யோசிக்கிற இடங்களில் நாய் மறைந்து, கெட்டிக்கார ஆசிரியை தலை நீட்டுகிறார். ஆனால் பிளாரன்ஸ் நகரை அது மூக்கால் படிக்கிற பக்கங்கள் இருக்கின்றனவே, அங்கே நாய் நாயாகவே இருக்கிறது.

மகாபாரதத்தில் தருமபுத்திரர், நாயை விட்டுவிட்டு வரும் சொர்க்கம் வேண்டாம் என்கிறார். அதைவிட உயர்ந்த இடத்தை நான் எங்கும் படித்ததில்லை. மறுகணமே நாய் தருமதேவதையாகிவிடுகிறது. வியாசரிடம் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் நாய் வளர்க்கிறவன் என்ற முறையில் ஒரு சின்ன ஏக்கம்: அது கடைசிவரை வெறும் நாயாகவே இருந்திருக்கக் கூடாதா?

சில வருஷங்களுக்கு முன் நாங்கள் வீடு மாற வேண்டியிருந்தது. நல்ல வீடு, குறைந்த வாடகை. முன்பணமும் கொடுத்தாயிற்று. அப்புறந்தான் வீட்டுக்காரர், நாய் கூடாது என்றார். "தெருவில் பிறந்தது, தெருவில் பிழைத்துக்கொள்ளும்" என்று நான் நியாயம் பேசினேன். என் மனைவி வாதாடவில்லை. "முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று நான் பிரௌனிங். கவிதை எழுதத் தெரியாத பிரௌனிங்.

நாய்க்கு இந்தச் சங்கதியெல்லாம் தெரியாது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்றைக்கும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறது. எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. 'நன்றியுள்ள பிராணி' என்று எழுத, அதற்குப் பிறகு எனக்குக் கை வருவதில்லை.